பெட்டி பிரிக்காததை வாங்காதவர்

உத்தரவாதக் காலம் பில் போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும். லேப்டாப்போடு கொடுத்த சிறு புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் இப்படித்தான் அச்சிட்டிருந்தார்கள். இதில் விளக்கம் கேட்க ஒன்றுமில்லை. அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து, குண்டூசியிலிருந்து ஜீப் டயர் வரை வாங்கி, அவற்றில் பாதியைப் பழுதென்று திருப்பி அனுப்பியவன் நான். இந்த ஒரு வாக்கியம் எனக்குப் புரியாமல் போக வழியில்லை. இருந்தும் எங்கள் எதிர்வீட்டு அம்மாவின் லேப்டாப்புக்கு அது பொருந்தாமல் போயிற்று.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் திருப்பூரில் பத்துப் பதினைந்து பனியன் கம்பெனிகளிலாவது "அந்தம்மாவா?" என்று பல்லைக் கடிப்பார்கள்.

எதிர்வீட்டுக்கு அவர் குடிவந்த முதல் வாரத்தில், புதுச்சட்டை போட்டுக்கொண்டு நான் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் வழிமறித்தார்.

"ஏனுங்க சார், சித்த நில்லுங்க. கையைத் தூக்குங்க."

போலீஸ்காரர் சொன்னதுபோலத் தூக்கினேன். சட்டையின் ஓரத்தைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"சைடுல தையல் விட்டிருக்குதுங்க. ரெண்டு தண்ணி தாங்காது."

"என் மகன் எடுத்துக் கொடுத்ததுங்க அம்மணி."

"உங்க மகன் நல்லவருதானுங்க. நான் சட்டையைச் சொன்னேன்."

என் மனைவி உள்ளேயிருந்து சிரித்தது தெருவுக்கே கேட்டது. இரண்டாவது சலவையில் சட்டை அதே இடத்தில் பிரிந்தது. அன்றிலிருந்து என் வீட்டில் எனக்கு இருந்த மரியாதையில் ஒரு பங்கு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

எதையும் புரட்டிப் பார்ப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல. முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார், தேங்காயைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பார். அதையெல்லாம் எல்லோரும்தான் செய்கிறார்கள். இவர் பிஸ்கட் பாக்கெட்டை வாங்கினால் கடைக்காரர் முன்னாலேயே பிரித்து ஒன்றைத் தின்று பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது பாக்கெட்டைக் கேட்பார். இரண்டாவதையும் பிரிப்பார். ஒட்டி மூடிய எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

அவிநாசியில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு பனியனும் கொடுத்தார்கள், மாப்பிள்ளை வீட்டாரின் சொந்தக் கம்பெனிச் சரக்கு. மண்டப வாசலிலேயே அவர் தன்னுடையதைப் பிரித்து உள்பக்கம் வெளியே வரத் திருப்பிவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா பெருமையோடு பக்கத்தில் வந்தார்.

"எப்படீங்க அம்மணி இருக்குது நம்ம சரக்கு?"

"தோள்ல டேப் வெக்கலீங்க. தொங்கிப் போயிரும்."

"சும்மா குடுக்கறதுக்கு டேப்பு வேறயாங்க?"

"சும்மா குடுக்கறதைத்தானுங்க நாலு பேரு போட்டுட்டுத் திரிவாங்க."

சித்தப்பா பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த இருபத்தைந்து வருடத்தில் பெரும்பகுதியை அவர் செக்கிங் டேபிள் முன்னால் நின்றே கழித்தவர். தைத்து வரும் உருப்படிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் குறை கண்டுபிடிக்கும் வேலை. பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், நின்ற நிலை. கால் நரம்புகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டன. இனியும் நின்றால் புண் வைத்துவிடும் என்று டாக்டர் சொன்ன வருடத்தில்தான் அவருக்கு ஒரு வழி பிறந்தது. வெளிநாட்டு வியாபாரிகளுக்காகச் சரக்கைப் பார்த்து அனுப்பும் ஏஜென்சி ஒன்று, தன் ஆய்வாளர் பட்டியலில் அவரைச் சேர்த்துக்கொண்டது. சரக்குப் பெட்டிகள் கட்டி முடிந்ததும் போக வேண்டும். தன் இஷ்டத்துக்குச் சில பெட்டிகளைப் பிரித்து, உருப்படிகளைப் பார்த்து, படம் எடுத்து, அன்று மாலை ஆறு மணிக்குள் லேப்டாப்பில் அறிக்கை ஏற்ற வேண்டும். அறிக்கை போனால்தான் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பும். நிற்கும் நேரம் கொஞ்சம், உட்காரும் நேரம் அதிகம். அந்தப் பட்டியலில் தன் பெயர் இருப்பதை அவர் சொல்லும் தோரணையில், சிலர் வாரிசுச் சான்றிதழைப் பற்றிப் பேசுவார்கள்.

குறைகளின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் அவருக்கு அத்துப்படி. முழு வாக்கியம் என்று வந்தால் எனக்குப் போன் வரும். "சார், சரக்கு சுத்தமா ஆகாதுன்னு மரியாதையா எப்படி எழுதறதுங்க?" நான் சொல்லச் சொல்ல அடிப்பார். அரசாங்கம் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் அதுவொன்றுதான் ஓய்வுக்குப் பின் யாருக்காவது பயன்பட்டது.

ஒருநாள் அவர் வண்டி மக்கர் செய்ததால் நெருப்பெரிச்சல் என்ற பக்கத்து ஊரில் ஒரு கம்பெனிக்கு நான்தான் என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். திரும்பவும் அழைத்து வர வேண்டும் என்பதால் மாலைவரை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தைச் சட்டைகள், கூரையைத் தொடும் அளவுக்குப் பெட்டிகள். மேனேஜர் முன்வரிசையைக் கைகாட்டினார்.

"இதுலயே எடுத்துக்குங்க அம்மணி, எறக்கறதுக்குச் சுலுவா இருக்கும்."

"எனக்கொண்ணும் சிரமமில்லீங்க. அந்தச் செவுத்தோரம், கீழயிருந்து ரெண்டாவது பொட்டி."

மூன்றாவது பெட்டியில், ஒரு கழுத்துப் பட்டைக்குள் ஒடிந்த ஊசிமுனை ஒன்று இருந்தது. அதை எடுத்து வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் படம் பிடித்தார். மேனேஜரின் குரல் இறங்கியது.

"ஒண்ணே ஒண்ணுதானுங்களே. லாரி வேற நிக்குது."

"என் கண்ணுல பட்டது ஒண்ணுங்க. படாதது எத்தனைன்னு நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அத்தனை பெட்டிகளையும் பிரிக்க ஆட்களை நிறுத்தினார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணொருத்தி, பெட்டியின் டேப்பைக் கிழித்தபடி எங்கள் காதில் விழும்படியே சொன்னாள்: "இந்தம்மாவுக்கு என்ன, எளுதிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிரும். நாமல்லா நாளைக்கு ஊருக்குப் போறத விட்டுட்டுப் பெட்டி பிரிக்கணும்."

அவர் தலை நிமிரவில்லை. திரும்பி வரும்போது பாதி வழியில் பின்னாலிருந்து பேசினார். "அந்தப் புள்ள சொன்னது செரிதானுங்க சார்." சிறிது தூரம் போன பிறகு, "ஆனா ஊசி இருந்துச்சுங்களே" என்றார்.

அன்று அந்தப் பழைய லேப்டாப்பையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏதோ கம்பெனி கழித்துக்கட்டியது. மடிக்கும் இடம் உடைந்து, ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக்கால் கட்டப்பட்டிருந்தது. மின்சாரத்தில் செருகியிருந்தால்தான் உயிர் இருக்கும். உள்ளே சுற்றும் விசிறி, பக்கத்தில் ஓடிய தையல் மெஷின்களைவிட அதிகம் சத்தம் போட்டது. எழுபது படங்களை ஏற்றுவதற்குள் அவர் இரண்டு முறை அதை அணைத்துப் போட்டார். ஆறு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அறிக்கை போனது.

ஏஜென்சியின் நிபந்தனை எளிமையானது. ஒரு சீசனில் இரண்டு முறை அறிக்கை தாமதமானால் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். காரணம் கேட்கப்பட மாட்டாது. நான் அரசுப் பணியில் பார்த்த நிபந்தனைகள் எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

"வேற வாங்கிரோணுங்க சார்," என்றார். "நெம்ப வெலையும் வேண்டாம், நெம்ப மட்டமும் வேண்டாம். நடுவால. கையை விடாததா இருக்கோணும்."

நான் களத்தில் இறங்கினேன். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கினேன். நீளத்தாளில் கோடு போட்டு, பதினொரு கலங்களில் ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்தேன். நினைவகம் எவ்வளவு, எடை எவ்வளவு, மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓடும், விசைப்பலகை ஆடுகிறதா, பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவானா, இல்லை நாம் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா. இரண்டாவது கடையின் நடுவிலை ஒன்றை அடிக்கோடிட்டுப் பரிந்துரைத்தேன். பளபளப்பு இல்லாத, கனத்த கீல் வைத்த, அலுவலகங்களுக்கென்று செய்த மாடல். இப்போதும் அது சரியான தேர்வு என்றுதான் சொல்வேன்.

அவர் பட்டியலைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல எதையெல்லாம் தொட்டுப் பாத்தீங்க சார்?"

"தொடவில்லை. இது விவரக்குறிப்பு. கம்பெனியே கொடுத்தது."

"விவரம் எங்க கம்பெனிக்காரங்களும் நல்லாத்தானுங்க எழுதிக் குடுப்பாங்க."

அந்த இரண்டாவது கடைக்கு அவரோடு போனேன். கழுத்தில் டை கட்டிய விற்பனையாள் நான் சொன்ன மாடலின் சீல் உடையாத பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார். இவர் நகத்தால் டேப்பைச் சுரண்டினார்.

"மேடம், திறந்துட்டா வித்ததாக் கணக்குங்க."

"திறக்காம எப்படீங்க வாங்கறது?"

"எல்லாரும் அப்படித்தான் மேடம் வாங்கறாங்க."

"எல்லாரும் ஷிப்மெண்டுக்கு ரிப்போர்ட் போடறாங்களா கண்ணு?"

பெட்டி உள்ளே போனது. இவர் நேராகக் கண்ணாடி மேஜைக்குப் போனார். அங்கே வருவோர் போவோர் பார்ப்பதற்காக ஐந்தாறு லேப்டாப்புகள் திறந்து எரிந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நாள், மூன்று மதியம். மூடியை ஐம்பது தடவை திறந்து மூடினார். ஒவ்வொரு விசையையும் தட்டினார். அடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். செருகியை உருவிவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்டிரைவில் பழைய அறிக்கை ஒன்றைக் கொண்டு வந்து, எழுபது படங்களையும் ஏற்றி இறக்கினார். கடைக்காரர்கள் முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் முறைத்தார்கள், மூன்றாம் நாள் டீ கொடுத்தார்கள். குடிக்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் எவர் கொடுத்தாலும் அவர் குடிப்பதில்லை.

"இதையே குடுத்துருங்க," என்றார்.

"மேடம், அது டிஸ்பிளே பீஸ். அதே மாடல் புதுசு உள்ள இருக்குதுங்க."

"உள்ள இருக்கறது பல்க்குங்க. நான் பாத்தது இந்தச் சேம்பிள். சேம்பிள் ஒரு மாதிரி வரும், பல்க் வேற மாதிரி வரும். இருபத்தஞ்சு வருசமாப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

"அம்மணி, இது பனியன் இல்லை," என்றேன். "பதினொரு மாதமாக அது இங்கே எரிந்துகொண்டிருக்கிறதாம். இவரே சொன்னார்." என் பட்டியலை மறுபடியும் மேஜைமேல் விரித்தேன்.

விற்பனையாள் எட்டிப் பார்த்தார். "சார், பட்டியலு சூப்பருங்க. எங்க கடையில வேலைக்கு வந்துருங்களேன்."

அம்மணியும் சிரித்துவிட்டார். கையால் வாயை மூடிக்கொண்டு, கெடுதலாக ஒன்றுமில்லை, சாதாரணச் சிரிப்பு. நான் பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"வாரண்டி எவ்வளவுங்க?" என்று அம்மணி கேட்டார்.

"ஒரு வருசம் மேடம்," என்றார் விற்பனையாள், வேறெங்கோ பார்த்தபடி.

பில் அச்சாகி வந்தது. பணம் கட்டுவதற்கு முன் அதை என்னிடம் நீட்டினார். "சித்த படிச்சுப் பாருங்க சார். இங்கிலீசு நெம்ப நுணுக்கமா இருக்குது."

படித்தேன். விலைக்குக் கீழே, எறும்பு வரிசை போன்ற எழுத்தில் ஒரு வரி இருந்தது. இது காட்சிக்கு வைத்திருந்த கருவி, இதன் உத்தரவாதம் முதன்முதலில் இயக்கிய நாளிலிருந்து கணக்கிடப்படும் என்று இருந்தது. அந்த நாளும் போட்டிருந்தது. உத்தரவாதத்தில் பாக்கி இருந்தது இருபத்திரண்டு நாட்கள். வாயால் ஒரு வருடம் என்று சொன்னவர் ஆறடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

நான் கேட்கவில்லை. ஏன் என்று பலமுறை எனக்கு நானே விளக்கக் குறிப்பு எழுதிப் பார்த்திருக்கிறேன். வெயில், பசி, மூன்று நாள் அலைச்சல் என்று ஒவ்வொன்றாகக் காரணம் வரும், ஒவ்வொன்றாக அடித்துவிடுவேன். உண்மையில் என் பட்டியலைப் பார்த்துச் சிரித்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அதிகம் போனால் அரை நிமிடம் நினைத்திருப்பேன். பில்லை மடித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கார்டை நீட்டினார்.

நான்காவது மாதம், நெருப்பெரிச்சலிலேயே வேறொரு கம்பெனியில் பாதி அறிக்கையில் லேப்டாப் அணைந்தது. திரும்ப எரியவே இல்லை. அன்றைய அறிக்கை மறுநாள் காலை போனது. சர்வீஸ் சென்டரில் உள்ளிருக்கும் மதர்போர்டு போய்விட்டது, உதிரி வர ஒரு மாதம் ஆகும், உத்தரவாதம் முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். அவர் பரணிலிருந்து எலாஸ்டிக் கட்டிய பழையதை இறக்கினார். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அறிக்கை ஏறும்போது உறைந்து நின்றது. இரண்டாவது தாமதம்.

ஏஜென்சியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. இந்த மாதம் உங்களுக்கு ஒதுக்கீடு இல்லை என்று. அடுத்த மாதம் குறுஞ்செய்தியும் வரவில்லை.

நான் எழுத ஆரம்பித்தேன். கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, பிறகு நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு. நான்காம் பக்கத்து விதியை மேற்கோள் காட்டி, இணைப்புகளுக்கு எண் போட்டு, ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினேன். இணைப்புகளில் பில்லின் நகல் மட்டும் இல்லை. மனச்சாட்சி உறுத்துகிறவனுக்கு நினைவூட்டுக் கடிதத்தைப்போல நல்ல வடிகால் வேறில்லை.

ஏஜென்சியில் ஒருவர் நல்ல மாதிரியாகப் பேசியிருந்தார். தவறு லேப்டாப் கம்பெனியுடையது என்று எழுத்தில் வாங்கி வந்தால், முதல் தாமதத்தைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றாராம். ஆகவே தினமும் சாயங்காலம் கேட் சத்தம் கேட்கும்.

"பதிலு வந்துச்சுங்களா சார்?"

"இன்னும் இல்லைங்க அம்மணி."

ஆறாவது வாரம் கம்பெனியின் பதில் வந்தது. இரண்டே வரி. கூடவே பில்லின் நகல், எறும்பு வரிசையின்மேல் மஞ்சள் மை பூசி. நான் அதைக் கோப்பில் வைத்தேன். அன்று சாயங்காலமும் கேட் சத்தம் கேட்டது.

"இன்னும் இல்லைங்க," என்றேன்.

பத்து நாள் கழித்து அவர் வீட்டைக் காலி செய்தார். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு யூனிட்டில் செக்கிங் டேபிள், தங்குவதற்கு ஹாஸ்டல். இரண்டு காலிலும் துணிப்பட்டை இறுக்கிச் சுற்றியிருந்தார். என் மனைவி கால்களைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "நின்னு பழகுன வேலைதானுங்கக்கா" என்றார். கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, "பதிலு வந்தா ஒரு போன் போடுங்க சார்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

போன் போடவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஒரு கடிதம் எழுதினேன். பில்லில் அந்த வரியை அன்றே படித்தேன், படித்தும் சொல்லவில்லை. கம்பெனியின் பதில் நீங்கள் வீடு காலி செய்யும் முன்பே வந்துவிட்டது, அதையும் மறைத்தேன். இவ்வளவுதான். வழக்கமான முகவுரை, முடிவுரை எதுவும் வைக்கவில்லை. கம்பெனியின் பதிலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்காம் நாள் ஒப்புகை அட்டை அவர் கையெழுத்தோடு திரும்பியது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, ஆனியும் போயிற்று. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும் நேரத்தில் நான் வாசலில் நிற்பதை என் மனைவி கவனித்தாள்.

பதில் கோடு போட்ட நோட்டுத்தாளில் வந்தது. தமிழில், ஒரு எழுத்துகூட அடித்தல் இல்லாமல்:

"சார் அவர்களுக்கு. உங்கள் கடிதம் கிடைத்தது. ஓவர்டைம் போட்டுவிட்டார்கள், அதனால் பதில் எழுத நாளாகிவிட்டது. அந்த வரியை நீங்கள் படித்தது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் விரல் பில்லில் வரி வரியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது, அந்த இடத்தில் மட்டும் நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சரி, சார் பார்த்துவிட்டார் என்று பணம் கட்டினேன். ஏன் நின்றது என்று நான் கேட்டிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்."

இரண்டு முறை படித்தேன். பிறகு, கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் தேதி போடாமல் வைத்துப் பழகாததால், மேல் மூலையில் பெறப்பட்டது என்று எழுதி, அதன் கீழே நாளைக் குறித்தேன்: ஆடி பதினெட்டு.